மறு: நாலு வயதுப் பையனுக்கு ஈறோரம் வெள்ளைக் கோடு

இரண்டு வேளையும் அவனே பல் தேய்க்கிறான், ஆனாலும் மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் கைக்கு அந்த லாவகம் வராது. பல்லின் நடுவைத் தேய்த்துவிட்டு ஈறோரத்தை விட்டுவிடுவார்கள். அங்கே தங்கும் படலத்தில் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கி பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலின் தாதுக்களைக் கரைக்கின்றன. அநேகமாக அந்த வெள்ளை அதுதான். குழி விழாதவரை தடுத்து நிறுத்தலாம், ஓரளவு மீளவும் செய்யும்.

முதலில் அவன் ஆசைக்குத் தேய்க்கட்டும். பிறகு நீங்கள் தேய்த்துவிடுங்கள், ஏழெட்டு வயது வரை. பின்னால் நின்று அவன் தலையை உங்கள் மேல் சாய்த்து, ஒரு விரலால் மேலுதட்டைத் தூக்குங்கள். உதட்டைத் தூக்காமல் அந்தக் கோடு பிரஷ்ஷுக்கு எட்டவே எட்டாது. நார்களை ஈறும் பல்லும் சேருமிடத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக அசையுங்கள். மொத்தம் 2 நிமிடம்.

பேஸ்ட் பட்டாணி அளவு போதும். அதில் எனாமலைக் காக்கும் தாதுவான ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) குறையக் கூடாது. குழந்தைகளுக்கென்று விற்கும் சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது, டியூபின் பின்பக்கம் பாருங்கள். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். இரவில் எச்சில் குறைவதால் படுக்கும்முன் தேய்ப்பதைத் தவறவே விடாதீர்கள். அதற்குப் பிறகு பாலும் வேண்டாம்.

உங்கள் ஈறில் ரத்தம் வருவதால் அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுகிறீர்களே, அது தலைகீழ். படலம் சேர்ந்துதான் பெரும்பாலும் ஈறு வீங்கிக் கசிகிறது. மென்மையான பிரஷ்ஷால் அங்கேயும் தேய்த்துவாருங்கள். 2 வாரத்தில் நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பையனையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கோடு பழுப்பாகவோ சொரசொரப்பாகவோ மாறினால் உடனே.