காய்ச்சலைக் கொண்டுவருபவர் பேரன், படுக்கையில் விழுபவர் அம்மம்மா

களுவாஞ்சிகுடி வாசகி ஒருவரின் கேள்வி: தரம் நான்கில் படிக்கும் மகனுக்கு இரண்டே நாட்களில் காய்ச்சலும் தடிமனும் மாறிவிட்டன, வீட்டை விட்டு வெளியே போகாத, நீரிழிவுள்ள தாயாரோ அடுத்த வாரமே வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். நான்கு மாதக் கைக்குழந்தையும் வீட்டில் இருக்க, இனி என்ன செய்வது?

உங்கள் தாயாருக்கு இன்புளுவென்சா என்னும் வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் பேரனிடமிருந்தே தொற்றியிருக்கும். இலங்கையில் இன்புளுவென்சா ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், மீண்டும் நவம்பர் முதல் பெப்ரவரி வரையிலும் கூடுதலாகப் பரவுகிறது. மட்டக்களப்பில் இந்த இரண்டாவது பருவம் மாரி மழையோடு வருவதால், யன்னல் சாத்திய வகுப்பறையிலும் ரியூசன் கொட்டகையிலும் பிள்ளைகள் நெருங்கியிருந்து ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். முந்தைய தொற்றுகளால் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் அவர்களுக்குக் குறைவு. ஆகவே ஓராண்டில் வளர்ந்தோரில் 5 முதல் 10 சதவீதமானோருக்குத் தொற்றும்போது, பிள்ளைகளில் 20 முதல் 30 சதவீதமானோருக்குத் தொற்றுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. வளர்ந்தவர் அறிகுறி தோன்றுவதற்கு முதல் நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் வைரசைப் பரப்புவார்; சிறு பிள்ளையோ பத்து நாட்களுக்கு மேலும் பரப்பக்கூடும். மகனின் காய்ச்சல் விட்ட பிறகும் வீட்டில் தொற்று நீடித்ததற்குக் காரணம் இதுதான்.

முதியவர்களுக்கு நோய் தொற்றுவது குறைவு, ஆனால் இறப்புகளில் பெரும்பங்கு 65 வயதைக் கடந்தோருடையது. அவர்களுக்கு உடம்பு சுடாமலேயே சாப்பாடு வெறுத்துப்போதல், தடுமாற்றமான பேச்சு, மூச்சு வாங்குதல் ஆகியவை முதலில் தெரியலாம் என்பதால் வெப்பமானியை மட்டும் நம்பக்கூடாது.

கனடாவில் கூட்டாக வாழும் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் கிராமங்களில் 2008–2009 பருவத்தில் பிள்ளைகளுக்கு மட்டும் இன்புளுவென்சா தடுப்பூசி போட்டபோது, போடாத ஏனையோருக்கும் தொற்று சுமார் 61 சதவீதம் குறைந்தது. நம் வீடுகளிலோ அம்மம்மாவுக்கு முகக்கவசத்தை மாட்டிவிட்டு, இருமும் பேரனை அவருடைய பாயிலேயே படுக்க விடுகிறோம். அவனை வேறு இடத்தில் படுக்க வையுங்கள். பனடோல் இல்லாமல் 24 மணித்தியாலம் காய்ச்சலின்றி இருந்த பின்னரே பாடசாலைக்கு அனுப்புங்கள். தாயாருக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி தேவை. அது பலன் தர இரண்டு வாரம் எடுப்பதால் மாரிக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இத்தடுப்பூசி போட முடியாது. உங்களுக்குத் தடிமன் பிடித்தாலும் முகக்கவசம் அணிந்து தாய்ப்பால் கொடுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். தாயாருக்கு மீண்டும் அறிகுறி தென்பட்டால் தாமதிக்க வேண்டாம், வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மாரியில் டெங்கும் பரவுவதால், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அஸ்பிரின், இபுபுரோபன் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை கட்டாயம்.