ஊரடங்கில் ஊன்றி விழுந்த கை: தீராத மணிக்கட்டு வலி

வணக்கம். 2020 ஏப்ரலில் மாடிப்படியில் கையை ஊன்றி விழுந்ததாகவும், எக்ஸ்ரேயில் முறிவில்லை என்று அனுப்பிவிட்டதாகவும், இன்றும் வாளி தூக்கினால் வலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெருவிரலை விரித்தால் அதன் அடியில் தோன்றும் சிறு குழியை அழுத்திப் பாருங்கள். வலித்தால், மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் உள்ள படகெலும்பு என்னும் சிறு எலும்பு முறிந்து சேராமல் இருக்கக்கூடும். அம்முறிவு முதல் எக்ஸ்ரேயில் சில வேளை தெரியாது என்பதால், 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுப்பது வழக்கம். சாலை விபத்துகளும் ஆலைக் காயங்களும் குறைந்து, வீட்டுக் காயங்களின் பங்கு கூடிய அந்த ஊரடங்கு நாட்களில், தொற்றுக்கு அஞ்சிப் பலர் மறுசோதனைக்குப் போகவில்லை. உங்கள் மீது தவறில்லை. ஆனால் படகெலும்பு இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு; முறிந்தால் எளிதில் சேராது. இனியும் தள்ளிப்போட்டால் மூட்டு தேய்ந்துவிடக்கூடும். பழைய படத்துடன் கை அறுவை மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுப்பார்.