நிறுத்திய குளிசையை நாளைக் காலையே தொடங்குங்கள்

கேள்வி: தைரொயிட் சுரப்பு போதாதென்று மூன்று வருடமாகத் தைரொக்சின் 50 குடிக்கிறேன். கொழுந்து எடுக்கப் போகிற அவசரத்தில், இரத்தம் குறைவென்று தோட்ட டிஸ்பென்சரியில் தந்த இரும்புக் குளிசையோடு சேர்த்துப் பால் தேத்தண்ணியில் விழுங்கிவிடுவேன். இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். தைரொயிட் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 6.8 என்று ரிப்போட் வந்திருக்கிறது. தைரொயிட் மருந்து பிள்ளைக்குக் குறைபாடு உண்டாக்கும் என்று இணையத்தில் பார்த்துப் பயந்து, பத்து நாளாகக் குளிசை குடிக்கவில்லை. கொழும்பில் வேலை செய்யும் கணவர் ஒரு மூலிகைக் கெப்சூல் அனுப்பியிருக்கிறார். முடியும் கொட்டுகிறது. நாத்தனாருக்குக் கர்ப்பத்தின் இதே மாதத்தில் டி.எஸ்.எச். 0.2தான் இருந்ததாம். கோவா (முட்டைக்கோஸ்) சாப்பிடலாமா?
(பெயர் வேண்டாம், மஸ்கெலியா)

பதில்: நாளைக் காலை எழுந்ததும் முதல் வேலையாக அந்தத் தைரொக்சினைக் குடியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது வேறு மருந்தைப் பற்றியது. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பவர்களுக்கு அதை அடக்கக் கார்பிமசோல் கொடுக்கிறோம். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் அதனால் சில பிள்ளைகளுக்குக் குறைபாடு வரலாம் என்பது உண்மைதான். (அதைக் குடிப்பவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது. மாதவிலக்கு தள்ளிப்போன உடனே டொக்டரைப் பார்க்க வேண்டும்.) உங்களுக்கு இருப்பது அதற்கு நேர்மாறான வியாதி. சுரப்பு போதாததால், உடம்பு தானே செய்ய வேண்டிய அதே பொருளைத்தான் குளிசையாகத் தருகிறோம். ‘தைரொயிட் மருந்து’ என்று போனில் தேடினால் இரண்டும் ஒன்றாக வந்து கொட்டும். அதைப் பிரித்துப் பார்க்க உங்களால் முடியாது. தேடித் தந்த போனுக்கும் முடியாது.

உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளை இன்னும் சொந்தமாகத் தைரொயிட் சுரக்கத் தொடங்கவில்லை. பன்னிரண்டு வாரம் வரை அதன் மூளை வளர்வது முழுக்க உங்கள் சுரப்பை நம்பித்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே சுரக்கும், ஆனாலும் ஐந்தாம் மாதம் வரை உங்கள் பங்கு பெரிது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எந்தக் குளிசையை நிறுத்தினீர்களோ, அதுதான் பிள்ளைக்கு வேண்டியது. பத்து நாளாகிவிட்டதே என்று இனி அழ வேண்டாம். தைரொக்சின் உடம்பில் மெதுவாகத்தான் குறையும், நிறுத்தி ஒரு வாரமான பிறகும் ஏறக்குறைய பாதி மிஞ்சியிருக்கும். பதினோராவது நாளும் குடிக்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை.

ரிப்போட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவு பெரியவர்கள் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டது. ஏற்கனவே தைரொக்சின் குடிக்கும் கர்ப்பிணிக்கு டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருப்பதையே நாங்கள் விரும்புவோம். 6.8 கூடுதல், அதாவது உங்களுக்குச் சுரப்பு போதவில்லை. கர்ப்பம் என்று தெரிந்ததுமே பெரும்பாலானோருக்கு அளவைக் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ கூட்ட வேண்டி வரும். உங்களுக்கு எவ்வளவு என்று நான் கடிதத்தில் எழுத மாட்டேன், நீங்களாகவும் கூட்டாதீர்கள். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல், மிட்வைஃபிடம் சொல்லி இந்த வாரத்துக்குள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பத்து நாள் நிறுத்தியதை மறைக்க வேண்டாம். மறைத்தால், 50 போதவில்லை என்று நினைத்து அளவைத் தேவைக்கு மேல் கூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஐந்தாம் மாதம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும், முப்பதாவது வாரத்தை ஒட்டி இன்னொரு தடவை. பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பலாம். தாய்ப்பாலுக்கும் தடையில்லை.

போகிற போக்கில் இரும்புக் குளிசையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 6.8ஐ விட அதுதான் கண்ணில் பட்டது. இரும்பும் தைரொக்சினும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால், தைரொக்சின் ஒழுங்காக உடம்பில் சேராது. இவ்வளவு நாளும் நீங்கள் குடித்த 50இல் எவ்வளவு இரத்தத்துக்குப் போனதோ! விடிய எழுந்து பீலியில் தண்ணீர் பிடிக்கப் போவதற்கு முன், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைரொக்சினைக் குடியுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி. இரும்பை இரவுக்குத் தள்ளுங்கள், அதையும் தேத்தண்ணியோடு குடிக்காதீர்கள், இரும்பு பாதி வீணாகும். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு கிளினிக்கில் கல்சியமும் தருவார்கள். அது பகல் சோற்றோடு இருக்கட்டும். தைரொக்சினுக்கும் இவை இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும். ஃபோலிக் அசிட்டை இப்போது குடிப்பது போலவே குடியுங்கள்.

நாத்தனாரின் 0.2ஐ உங்களுடையதோடு ஒப்பிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் கர்ப்பத்தின் சுரப்பே தைரொயிட்டைத் தூண்டிவிடுவதால் நல்ல சுகத்தோடு இருப்பவர்களுக்கும் டி.எஸ்.எச். இறங்கும், பிறகு தானாக ஏறும். கழுத்து வீக்கம், கண் பிதுங்கல், ஓயாத படபடப்பு என்று ஏதாவது இருந்தால் மட்டும் அவரும் காட்டட்டும். முடி கொட்டுவது அளவு சரியானால் குறையும். கோவா தாராளமாகச் சாப்பிடுங்கள், சமைத்துச் சாப்பிடும் கோவாவால் யாருக்கும் இந்த வியாதி வந்து நான் பார்த்ததில்லை. உப்பு மட்டும் அயடின் சேர்த்ததாக இருக்கட்டும், அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள்.

கெப்சூலுக்கு வருகிறேன். தைரொயிட்டுக்கு என்று விற்கும் இப்படியான போத்தல்கள் சிலவற்றில் கடற்பாசி இருக்கும், அளவு தெரியாத அயடின் இருக்கும். அயடின் மிஞ்சினால் பிள்ளையின் தைரொயிட்டே கெடலாம். ஒன்றுகூட விழுங்காதீர்கள். ஏற்கனவே விழுங்கியிருந்தால் எத்தனை என்று எண்ணி வையுங்கள், போத்தலை எறியாமல் ரிப்போட்டோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். கணவரிடம் அடுத்த மாதம் அந்தக் காசை உங்கள் பஸ் செலவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.