விருச்சிக ராசிக்கு எந்தத் தூபம்? கேள்வி பதில்

தருமபுரியில் நாட்டு மருந்துக் கடை நடத்தி, ஜாதகமும் கணிப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

ஓசூர் வாசகி: நவம்பர் 5 பிறந்தேன். விருச்சிகம் என்று கைப்பேசியில் பார்த்தேன். எந்த ஊதுபத்தி உகந்தது?

முதலில் ராசியைச் சரிபாருங்கள், அம்மா. நீங்கள் பார்த்தது மேற்கத்திய முறை. இரண்டு முறைகளும் ராசிகளை எண்ணத் தொடங்கும் இடத்தில் உள்ள வேறுபாட்டுக்கு அயனாம்சம் என்று பெயர்; நம் பஞ்சாங்கத்தில் அதற்காகச் சுமார் 24 பாகை கழிகிறது. கார்த்திகை பிறக்கும்போதுதான் சூரியன் விருச்சிகத்தில் நுழைகிறார், நவம்பர் 5 அன்று துலாமில் இருக்கிறார். அதோடு, நாம் ராசி பார்ப்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடத்தை வைத்து. விசாகம் நான்காம் பாதம், அனுஷம், கேட்டை இவற்றில் பிறந்தவரே விருச்சிக ராசிக்காரர். நான் கற்ற முறையில் ராசிக்கொரு தூபம் கிடையாது. ராசிநாதன் செவ்வாய், செவ்வாய்க்கு உரியவர் முருகன். செவ்வாய்க்கிழமை அவருக்கு விளக்கேற்றிச் சாம்பிராணி போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள்.

பாலக்கோடு வாசகர்: கம்ப்யூட்டர் சாம்பிராணி போதாதா?

பெரும்பாலும் கரித்தூளும் வாசனையும்தான் அதில் இருக்கும். கட்டிச் சாம்பிராணி வாங்குங்கள். கொட்டாங்கச்சிக் கனலைத் தூபக்காலில் இட்டு, தீ நாக்கு அடங்கி மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுங்கள். பிறகு கடலை அளவு துண்டு போதும். உருகிக் குமிழியிட்டு வெண்புகை எழும். தீ அடங்குமுன் போட்டால் கருகி, கண் எரியும்.

ஊத்தங்கரை வாசகர்: சாம்பிராணி சுமத்திராவிலிருந்து வருகிறதே, அது எப்படி நம் மரபாகும்? குங்கிலியம்தானே நம்முடையது?

வருவது உண்மை. கடல் கடந்து வந்த பிசின் பல தலைமுறையாக நம் பூசையறையில் புகைகிறது. வந்த வழியைக் காட்டி அதை விலக்க எனக்கு மனமில்லை. ஆனால் குங்கிலியத்துக்காக நீங்கள் பேசுவது நியாயம். அறுபத்து மூவரில் ஒருவரான குங்கிலியக் கலய நாயனார் திருக்கடவூரில் அதையே தூபமிட்டவர். வீட்டில் பட்டினி, நெல் வாங்கி வரச் சொல்லி மனைவி தாலியைக் கழற்றித் தருகிறாள். வழியில் குங்கிலியப் பொதியைக் கண்டவர் தாலியைக் கொடுத்து அதை வாங்கிக் கோயிலுக்குப் போய்விடுகிறார். அவர் யாருடைய ராசியையும் கேட்கவில்லை.

ஊத்தங்கரை வாசகர் மீண்டும்: அப்படியானால் ஏழைகள் தாலியை விற்க வேண்டுமா?

வேண்டாம். அந்தக் கதை சொல்வது அவருடைய பக்தியை. உங்களால் முடிந்தது ஒரு சிட்டிகை என்றால் ஒரு சிட்டிகை போடுங்கள்; குறைந்துவிட்டதென்று கலங்க வேண்டாம்.

காரிமங்கலம் வாசகி: நான் அனுஷம். எந்த ஊதுபத்தி?

முதல் பதிலைப் படியுங்கள்.

அரூர் வாசகர்: அதியமான்கோட்டை காலபைரவரை விருச்சிக ராசிக்காரர் வழிபடலாமா?

தாராளமாக. 12 ராசிகளும் 27 நட்சத்திரங்களும் அவருக்குள் அடக்கம் என்பது அங்குள்ள நம்பிக்கை. எந்த ராசிக்கும் தடையில்லை. தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றுவார்கள். கூட்டம் அதிகம், முன்னதாகப் போங்கள்.

பென்னாகரம் வாசகர்: மழைநாளில் கதவைச் சாத்திக்கொண்டு தூபம் போடலாமா? குழந்தைக்கு இழுப்பு.

கூடவே கூடாது. மூடிய அறையில் கனல் உயிரையே பறிக்கும். இழுப்புள்ள குழந்தைக்கு எந்தப் புகையும் ஆகாது. ஊதுபத்தியும் வேண்டாம். நெய்விளக்கு மட்டும் ஏற்றுங்கள். மருந்துக்கு மருத்துவரிடம் போங்கள், என் கடைக்கு வராதீர்கள்.