முதலைச் சட்டைக்காரர் மகள்

கேள்வி: பெண்கள் கோல்ஃபில் புரொஃபஷனல்கள் எல்லோரையும் தோற்கடித்து ஓர் அமெச்சூர் (பணத்துக்காக ஆடாதவர்) பெரிய பட்டம் வாங்கியதுண்டா? (வாசகி, ஈரோடு)

பதில்: உண்டு. 1946இலிருந்து நடக்கும் அமெரிக்க மகளிர் ஓப்பனை வென்ற ஒரே அமெச்சூர், பிரான்ஸின் கேத்தரின் லகோஸ்ட். 1967இல், 22 வயது முடிந்த கையோடு, வர்ஜீனியாவில் ஹாட் ஸ்பிரிங்ஸில் ஜெயித்தார். சும்மா ஜெயிக்கவில்லை, நம்மைப் பதறவைத்து ஜெயித்தார்! கோல்ஃபில் அடிகள் குறையக் குறையத்தான் நல்லது; முதல் இரண்டு நாள் 71, 70 என்று அட்டகாசமாக ஆடியவர், மூன்றாம் நாள் 74 அடித்தும் நல்ல முன்னிலையில்தான் இருந்தார், ஆனால் கடைசி நாள் தடுமாறி 79க்குப் போய், மொத்தம் 294 அடிகளில், சூசி மேக்ஸ்வெல், பெத் ஸ்டோன் இருவரையும் வெறும் இரண்டு அடி வித்தியாசத்தில் தாண்டினார். பலரும் பையிலிருந்து எடுக்கவே தயங்கும் ஒன்றாம் நம்பர் அயர்ன் மட்டைதான் இவருடைய பலம்.

கேள்வி: அப்புறம் ஏன் புரொஃபஷனல் ஆகவில்லை? (அதே வாசகி)

பதில்: அமெச்சூர் என்பதால் அந்த வெற்றிக்கே பரிசுப் பணம் கையில் வாங்க முடியாது. அதற்காக அவர் கவலைப்படவும் வேண்டியிருக்கவில்லை. அப்பா ரெனே லகோஸ்ட், விம்பிள்டனை இரண்டு முறை வென்ற டென்னிஸ் வீரர். நெஞ்சில் குட்டி முதலை போட்ட அந்த டி-ஷர்ட் அவர் ஆரம்பித்த கம்பெனியுடையதுதான். ஆட்டத்தின் மேல் உள்ள ஆசைக்காக மட்டுமே ஆடினார் என்று இவரைப் புகழ்வார்கள். சரி, ஆசை உண்மைதான், ஆனால் வீட்டில் வசதி இருந்ததால்தான் அந்த ஆசை அப்படியே இருக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பெண் அந்த வயதில் காசோலையை வேண்டாம் என்றிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். 1969இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் என நான்கு நாட்டு அமெச்சூர் பட்டங்களையும் ஒரே வருடத்தில் அள்ளினார். பிறகு ஸ்பெயின்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போட்டிகளைக் குறைத்துக்கொண்டார்.

கேள்வி: கோல்ஃப் திறமை அப்பாவிடமிருந்தா வந்தது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அம்மாவை மறந்துவிட்டீர்களே! சிமோன் தியோன் த லா ஷோம், 1927இல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் பட்டம் வென்றவர். நடந்தது வட அயர்லாந்தில், ராயல் கவுண்ட்டி டவுன் மைதானத்தில். 42 வருடம் கழித்து மகள் அதே பட்டத்தை வாங்கியதும் வட அயர்லாந்திலேயேதான், மைதானம் மட்டும் வேறு, ராயல் போர்ட்ரஷ்.