சாப்பிடும்போது நாய்க்குட்டி உறுமுவது ஏன், எப்படித் திருத்துவது?

தட்டின் அருகே யாராவது வந்தால் குட்டி உடலை விறைத்து, அவசரமாக விழுங்கி, உறுமும். இதை உணவுக் காவல் எனலாம். காரணம் திமிர் அல்ல, பறிபோய்விடுமோ என்ற பயம். சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிடும்போது ஒருவர் உங்கள் தட்டுக்குக் கை நீட்டினால் சட்டென்று மறைப்பீர்கள்; அவரே இன்னொரு செட்டை வைத்தால் முகம் மலரும். குட்டிக்கும் அப்படித்தான்.

6 அடி தள்ளி நின்று, எலும்பில்லாத வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை அதன் பக்கம் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். மூன்றாம் வாரம் என் காலடி கேட்டதும் எங்கள் குட்டி தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலை ஆட்டியது. அதன் பிறகே ஓரடி நெருங்கினேன். குழந்தைகளை அந்த நேரத்தில் தயவுசெய்து அருகே விடாதீர்கள். பல் பட்டுவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடித்தால் அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அடி வாங்கிய குட்டி உறுமலைத்தான் விடும், பயத்தை அல்ல, அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.