ஆபீஸ் நெட் தொல்லைகள்: இந்த வாரக் கேள்வி-பதில்

கேள்வி: 300 பேர், 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். காலைல பத்து மணிக்கு நெட் படுத்துக்குது. யூடியூபை பிளாக் பண்ணா சரியாகுமா?

பதில்: என்ன ஃபயர்வால்னு எழுதல, கிராஃபும் அனுப்பல, நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? லாக் பாக்காம எதையும் பிளாக் பண்ணாதீங்க. பத்து மணின்னா என் சந்தேகம் விண்டோஸ் அப்டேட் மேலதான். எல்லாரும் வந்து சிஸ்டத்தை ஆன் பண்ணதும் ஒவ்வொண்ணும் தனித்தனியா வெளிய போய் அதே ஃபைலை இறக்கிட்டு இருக்கும். விண்டோஸ்லயே இருக்கிற டெலிவரி ஆப்டிமைசேஷன் செட்டிங்ல பக்கத்து மெஷின்ல இருந்து எடுத்துக்கிற மாதிரி வைங்க, அப்டேட்டுக்கு ஒரு 20 எம்பிபிஎஸ் லிமிட் போடுங்க, அப்புறமா யூடியூபை திட்டிக்கலாம்.

கேள்வி: வெப் ஃபில்டர் போட்டும் குரோம்ல சில சைட் தப்பிச்சு போகுது, ஏன்?

பதில்: காரணம் க்விக் (QUIC), குரோம் சைட்டோட பேசுற புது வழி, ஃபில்டர் பாக்குற டிசிபி வழியை விட்டுட்டு யுடிபில போகும். ஃபயர்வால்ல யுடிபி 443 போர்ட்டை மூடுங்க, பிரவுசர் தானா டிசிபிக்கு இறங்கி வந்துடும்.

கேள்வி: யார் யார் தினம் எத்தனை மணி நேரம் பிரவுஸ் பண்றாங்கன்னு எம்டி ரிப்போர்ட் கேக்கிறார். ஸ்க்விட் (எல்லாரோட பிரவுசிங்கும் இது வழியா வெளிய போற ப்ராக்ஸி) லாக்ல இருந்து எடுக்க முடியுமா?

பதில்: எடுக்கலாம், ஆனா அந்த நம்பர் பொய் சொல்லும். இதை எத்தனை தடவை எழுதிட்டேன்னு எனக்கே கணக்கு இல்ல, இருந்தாலும் இன்னொரு தடவை. எச்டிடிபிஎஸ் (என்க்ரிப்ட் ஆகி வர்ற) சைட்டுக்கு ஸ்க்விட்ல கனெக்ஷன் போட்டதுக்கு CONNECT-ன்னு ஒரு வரிதான் விழும், அதுவும் அந்த கனெக்ஷன் முடிஞ்ச பிறகுதான். அதுல ரெண்டாவதா இருக்கிறது மில்லிசெகண்ட், கனெக்ஷன் எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சுன்னு மட்டும் காட்டும், ஆள் ஸ்கிரீனை பாத்தாரா இல்ல டீ குடிக்கப் போனாரான்னு அதுக்கு எப்படி தெரியும்?

முன்னாடி நான் இருந்த ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பொண்ணு ஒண்ணுக்கு மெமோ குடுத்துட்டாங்க, கிரிக்கெட் ஸ்கோர் சைட்ல நாலரை மணி நேரம்னு. லாக்கை திறந்து பாத்தா 16200000-ன்னு ஒரே ஒரு வரி. காலைல டேப்பை திறந்து வச்சுட்டு அந்தப் பொண்ணு குடோனுக்கு ஸ்டாக் எடுக்கப் போயிருக்கு, குடோன் ரெஜிஸ்டர்ல கையெழுத்தும் இருக்கு, அந்தப் பேஜ் தானா ஸ்கோரை வாங்கிட்டே கிடந்திருக்கு. இதுக்கு நேரெதிரா ஒருத்தர் 200 பக்க பிடிஎஃப்பை இறக்கி வச்சு மத்தியானம் பூரா கதை படிச்சாலும் லாக்ல ரெண்டு செகண்ட்தான் வரும். ரிப்போர்ட் டூல்கள் பண்றதும் யூகம்தான், லாக்ல ரெண்டு ஹிட்டுக்கு நடுவுல இத்தனை நிமிஷத்துக்குள்ளதான் இடைவெளின்னா தொடர்ந்து பாத்ததா கணக்கு வச்சுக்கும், செட்டிங்ல அந்த இடைவெளி நிமிஷத்தை நீங்க அதிகமாக்கினா அந்த ஆளோட "டைம்பாஸ்" நேரமும் கூடிடும்.

எம்டிக்கு டிபார்ட்மெண்ட் வாரியா டேட்டா அளவும் கேட்டகரியும் குடுங்க, போதும். சோஷியல் மீடியாவை மதியம் 1-லிருந்து 2 வரை திறந்து விடுங்க, பாதி பிரச்சினை அதுலயே ஓடிடும். அப்பவும் ஆள் வாரியா நேரம் வேணும்னு நின்னா, மெயில்ல எழுத்துல வாங்கிக்கோங்க. நாளைக்கு லேபர் கோர்ட் வரைக்கும் போனா வாய்ல சொன்னதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

கேள்வி: எச்டிடிபிஎஸ் இன்ஸ்பெக்ஷன் (என்க்ரிப்ட் ஆன டிராஃபிக்கை ஃபயர்வால் பிரிச்சுப் பாக்குறது) போட்டதும் பேங்க் ஆப் எல்லாம் எர்ரர் காட்டுது.

பதில்: சர்டிபிகேட் பின்னிங், அதாவது ஆப் தன்னோட பேங்க் சர்டிபிகேட்டை மட்டும்தான் நம்பும், உங்க ஃபயர்வால் காட்டுறதை ஏத்துக்காது. பேங்க், ஹாஸ்பிடல் சைட்டுகளை முதல் நாளே பைபாஸ் லிஸ்ட்ல (பிரிச்சுப் பாக்காம விடுற லிஸ்ட்) போட்டிருக்கணும். ஊழியரோட பேங்க் பாஸ்வேர்டு உங்க ஃபயர்வால் பெட்டியில என்க்ரிப்ஷன் பிரிஞ்சு போறது உங்களுக்கே ஆபத்து.

கேள்வி: ஸ்டாஃப் வாட்ஸ்அப்ல என்ன பேசுறாங்கன்னு பாக்க ஃப்ரீ சாஃப்ட்வேர் சொல்லுங்க.

பதில்: மாட்டேன். மெசேஜ் எண்டு டு எண்டு என்க்ரிப்ஷன், அனுப்புறவரும் வாங்குறவரும் மட்டும்தான் படிக்க முடியும், என்ன பேசுறாங்கன்னு ஃபயர்வால்ல ஒண்ணும் தெரியாது. தெரியும்னு எவனாவது வித்தா அவனையும் நம்பாதீங்க.

கேள்வி: லாக் எத்தனை நாள் வைக்கணும்?

பதில்: செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி 180 நாள். டிஸ்க் நிறைஞ்சு தானா அழியுற மாதிரி விட்டுட்டு அப்புறம் எனக்கு லெட்டர் போடாதீங்க.

கேள்வி: மேக் அட்ரஸ் (ஒவ்வொரு மெஷினோட நெட்வொர்க் அடையாள எண்) வச்சு ஆளுக்கு 1 ஜிபி கோட்டா குடுத்தேன், ஆனா சில பேர் திரும்பத் திரும்ப புது ஆளா வர்றாங்க.

பதில்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-ல இருந்தே போன் வைஃபைக்கு மேக் அட்ரஸை மாத்திக் காட்டும், அதை வச்சு ஆளை பிடிக்க முடியாது. யூசர்நேம் பாஸ்வேர்டுக்கு மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி எச்ஆர்ட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, ஏன்னு மேலயே சொல்லிட்டேன்.